இரண்டு வாரம் பொறுங்கள்: டைகர் மீன் வளர்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

சைதாப்பேட்டையிலும் அதையொட்டிய சின்னமலை, ஜாபர்கான்பேட்டை, மேற்கு மாம்பலம் பகுதிகளிலும் வீட்டுத் தொட்டியில் டைகர் மீன் வளர்க்கின்ற, வளர்க்க எண்ணுகின்ற அன்பர்களுக்கு,



கடையில் பொன்மஞ்சள் உடலும் கறுப்புப் பட்டைகளுமாக நின்ற மீன், வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளே பட்டை எது உடல் எது என்று பிரித்தறிய முடியாதபடி கறுத்துவிட்டது என்று, அதை மறுபடியும் பாலித்தீன் உறையில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "ஸ்டேபிள் பீஸா ஒண்ணு குடுங்க" என்று மாற்றிக் கேட்கும் பழக்கம் உங்களிடையே வேரூன்றிவிட்டது. திரும்பிப் போன மீன் கடையின் வேறொரு தொட்டியில் இறங்குகிறது, சில நாளில் சற்று வெளுத்ததும் இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது, அங்கும் கறுக்கிறது. நீங்கள் மாற்றி வாங்கிவரும் மீனும் பெரும்பாலும் இப்படி ஏற்கெனவே ஓரிரு வீடுகளைப் பார்த்துவிட்டு வந்ததாகவே இருக்கக்கூடும். இந்தச் சுற்றில் வாங்குபவருக்குப் பணமும் விற்பவருக்குப் பெயரும் மட்டுமே நட்டம்; மீனோ ஒவ்வொரு பயணத்திலும் தன் உடல்வலுவில் ஒரு பங்கை இழக்கிறது. இந்தப் பழக்கத்தை நிறுத்தும்படி உங்களைக் கேட்டுக்கொள்ளவும், அதற்கான காரணங்களை உங்கள் முன் வைக்கவுமே இம்மடல் எழுதப்படுகிறது.

கடைமொழியில் "ஸ்டேபிள்" என்றால், எந்தச் சூழலிலும் பொன்னிறத்தை இழக்காத, பட்டைகள் எப்போதும் பளிச்சென்று தெரிகின்ற மீன் என்று பொருள். அப்படியொரு நிலைத்த குணம் மீனுக்குள் பொதிந்திருப்பதாகவும், சில மீன்களுக்கு அது உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்பதாகவும் நம்பித்தான் நீங்கள் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள். மீனின் தோல் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தவர்கள் இந்த நம்பிக்கையை ஏற்க மாட்டார்கள். மீனின் தோலில் நிறந்தாங்கிச் செல்கள் என்னும் தனிவகைச் செல்கள் உள்ளன. அவற்றுள் கருநிறமி கொண்டவை, மஞ்சள் நிறமி கொண்டவை, நிறமியே இல்லாமல் நுண்படிகங்களால் ஒளியைத் திருப்பியனுப்பி வெள்ளிப் பளபளப்பைத் தருபவை எனப் பல வகைகள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. கருநிறமிச் செல்லுக்குள் இருக்கும் நுண்மணிகள் செல்லின் நடுவில் குவிந்தால் மீன் வெளுக்கும், செல் முழுவதும் பரவினால் கறுக்கும். இந்தக் குவிதலையும் பரவுதலையும் நரம்புகளும் ஹார்மோன்களும் இயக்குகின்றன. நிமிடக் கணக்கில், சில வேளை நொடிக் கணக்கில்கூட அது நடந்து முடிந்துவிடும். ஆகவே கடையில் நீங்கள் பார்த்த பொன்னிறம் அந்த மீன் அந்த நேரத்தில் இருந்த நிலையின் அடையாளம். நாளைக்கும் அது அப்படியே இருக்கும் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி தர இயலாது, தருபவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பதே நல்லது.

தேனீக்களின் நடனத்தைப் படித்தறிந்ததற்காக 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் ஃபான் ஃபிரிஷ், தம் இளமைக் காலத்தில் ஆராய்ந்தது மினோ என்னும் சிறு நன்னீர் மீனின் நிறமாற்றத்தைத்தான். தோலுக்குச் செல்லும் குறிப்பிட்ட நரம்புத் தொடரைத் துண்டித்தால் அதற்கு அப்பாலுள்ள உடற்பகுதி கறுத்துவிடுகிறது என்று அவர் காட்டினார். வெளுத்த நிறம் நரம்பு இடைவிடாது அனுப்பும் கட்டளையால் பிடித்துவைக்கப்படுவது என்பது அதனால் புலனாயிற்று. கண்ணுக்கும் இதில் பங்குண்டு. மேலிருந்து விழும் ஒளியையும் தரையிலிருந்து எதிரொளிக்கும் ஒளியையும் மீனின் கண் ஒப்பிட்டுப் பார்க்கிறது. வெளிறிய தரைமீது நிற்கும் மீன் வெளுக்கிறது, இருண்ட தரைமீது நிற்கும் மீன் கறுக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் கடைகளின் ஏற்பாடு உங்களுக்கு விளங்கிவிடும். அடியில் மணலோ கல்லோ இல்லாத வெறுங்கண்ணாடித் தொட்டி, பின்னால் வெளிறிய தாள், மேலே இளஞ்சிவப்புக் குழல்விளக்கு என்று பல கடைகளில் தொட்டி அமைந்திருக்கும். தரை மீனை வெளுக்க வைக்க, விளக்கு அதன் மஞ்சளைத் தூக்கிக் காட்டுகிறது. நீங்களோ வீட்டில் கரும்பாறையும் கறுப்பு மணலும் பரப்பி, கருநீலத் தாள் ஒட்டி, அதற்குள் அந்த மீனை இறக்கிவிட்டு, அது கறுத்துவிட்டதென்று வருந்துகிறீர்கள். உடல் இயற்கையாகச் செய்ய வேண்டியதைச் செய்த மீனைக் குறைசொல்வதில் பொருளில்லை.

இந்த விரைந்த மாற்றத்திற்கு அடியில் மெதுவான மாற்றம் ஒன்றும் உண்டு. வாரக்கணக்கில் ஒரே சூழலில் வாழும் மீனின் தோலில் நிறந்தாங்கிச் செல்களின் எண்ணிக்கையும் அவற்றிலுள்ள நிறமியின் அளவும் கூடிக் குறைகின்றன. மஞ்சளுக்கும் செம்மைக்கும் காரணமான கரோட்டினாய்டு நிறமிகளை எந்த மீனும் தானே உருவாக்கிக்கொள்ள முடியாது; உணவு வழியாகவே அவை உடலுக்குள் வர வேண்டும். இறால் ஓட்டில் அந்த நிறமி மிகுதி. சைதாப்பேட்டை மீன் சந்தையில் இறாலைச் சுத்தம் செய்து தரச் சொல்லி, ஓட்டையும் தலையையும் அங்கேயே விட்டுவிட்டு வருகிறவர்கள், பிறகு நிறமேற்றும் தீவனம் என்று பெயரிட்ட டப்பாவுக்குப் பல நூறு ரூபாய் கொடுப்பது ஒரு வேடிக்கை. சிறு இறாலை ஓட்டோடு நறுக்கிப் போட்டாலே போதும். உணவு தரும் இந்த நிறம் வந்து சேரப் பல வாரங்கள் ஆகும்; மாறாக, ஒரே வாரத்தில் மின்னும் நிறம் எங்காவது காணக் கிடைத்தால் ஐயப்பட வேண்டும். ஆண் ஹார்மோன் கலந்த தீவனத்தால் இளமீன்களுக்கு முன்கூட்டியே நிறமேற்றும் வழக்கம் உலக அலங்கார மீன் வணிகத்தில் உள்ளதே. நம் நாட்டு நீர்நிலைகளில் வாழும் கண்ணாடி மீனின் ஒளி ஊடுருவும் உடலுக்குள் சாயத்தை ஊசியால் ஏற்றி, வண்ணக் கோடுகளோடு விற்ற கொடுமையும் அந்த வணிகத்தில் நடந்ததுதான். வாங்குபவர் நிறத்தையே கேட்டுக்கொண்டிருந்தால் விற்பவர் எப்பாடுபட்டாவது நிறத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். இந்த வழக்கங்களுக்கு நீங்களும் ஒரு வகையில் பொறுப்பு.

நிறத்தைவிட நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டியது மீனின் நடத்தையை. டைகர் மீன் துரத்திப் பிடிக்கும் வேட்டைக்காரன் அன்று. நீரில் மூழ்கிய மரக்கிளைகளின் இடையே, தலை சற்றுத் தாழ, அசையாமல் நின்று, இரை அருகில் வந்ததும் வாயைக் குழல்போல் முன்னே நீட்டி ஒரே இழுப்பில் உறிஞ்சிக்கொள்ளும் பதுங்குவேட்டை மீன் அது. செங்குத்துக் கரும்பட்டைகள் அழகுக்காக அமைந்தவை என்று நாம் எண்ணினாலும், கிளைகளின் நிழற்கோடுகளுக்கு நடுவே உடலின் வடிவத்தை மறைப்பதே அவற்றின் வேலை என்று கருத இடமுண்டு. அத்தகைய மீனை ஒரு கட்டைகூட இல்லாத தொட்டியில், நான்கு பக்கமும் மனித நடமாட்டம் தெரிய, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் அது மூலையில் ஒடுங்கிக் கறுத்து நிற்பதில் வியப்பில்லை.

துணைமீன் விவகாரம் இதைவிடச் சிக்கலானது, உங்களில் பலர் இடறுவதும் இங்கேதான். இரண்டு டைகர் மீன்களை மட்டும் ஒரே தொட்டியில் விட்டால் ஒன்று மற்றொன்றை விரட்டிக்கொண்டே இருக்கும். ஒன்றைத் தனியாக வைப்பதும், இடமிருந்தால் ஐந்தாறாகச் சேர்த்து விரட்டலைப் பரவலாக்குவதும் அனுபவமுள்ளோர் கைக்கொள்ளும் முறை. விரட்டப்படும் மீன் கறுப்பது ஏன் என்பதற்கு வேறொரு மீனைக் குறித்த ஆய்வு நல்ல விளக்கம் தருகிறது. அட்லாண்டிக் சால்மன் குஞ்சுகள் இடத்துக்காக மோதிக்கொள்ளும்போது தோற்கும் மீன் உடல் கறுக்கிறது என்றும், அது கறுத்த பிறகு வென்ற மீனின் தாக்குதல் குறைகிறது என்றும் ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 1999இல் எழுதினர்; அதாவது கறுப்பு என்பது அங்கே பணிந்தேன், விட்டுவிடு என்று சொல்லும் சைகை. டைகர் மீனின் கறுப்பு அத்தனையும் இத்தகையது என்று கூறிவிட முடியாது. ஆயினும் பெரிய மீனுக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் டைகர் மீன் கறுத்திருப்பதையும், தொந்தரவு நீங்கியதும் வெளுப்பதையும் உங்கள் தொட்டியிலேயே நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாஸ்துவுக்காக அரவானா, கண்ணுக்கு அழகாக ஃபிளவர்ஹார்ன், கையிலிருந்து தீனி வாங்கும் ஆஸ்கர் என்று வைத்துக்கொண்டு, நடுவில் இருக்கும் இடத்துக்கு ஒரு டைகர் மீனைச் சேர்ப்பது நம் வட்டாரத்து வாடிக்கை. ஆஸ்கரும் ஃபிளவர்ஹார்னும் தீனி விழுந்த மறுகணமே பாய்ந்து தின்று தீர்த்துவிடும். நிதானித்துப் பார்த்து, நெருங்கி, பிறகே உறிஞ்சும் டைகர் மீனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பட்டினி கிடக்கும் மீனிடம் பொன்னிறத்தை எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

எந்த டைகர் மீன் என்று கேட்காமலே வாங்குவது மற்றொரு குறை. டைகர் என்ற பெயரைச் சுமந்து டைகர் பார்பும் டைகர் ஆஸ்கரும் ஒரே கடையில் நிற்கும்; கோரைப்பற்களுக்குப் பெயர்போன ஆப்பிரிக்கப் புலிமீன் முற்றிலும் வேறு குடும்பம். இங்கே பேசப்படுவது டட்னியாய்டிஸ் என்னும் பேரினம். அதில் ஐந்து இனங்கள். கங்கைக் கழிமுகம் தொடங்கி இந்தோனேசியத் தீவுகள் வரை பரவியிருப்பதும், 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் தம் கங்கை மீன் நூலில் விவரித்ததும் போலோட்டா; கடைகளில் இதற்குச் சில்வர் டைகர் என்று பெயர், விலையும் குறைவு. இது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் உவர்நீரில் பெரிதும் வாழ்வது; இதன் அடிநிறமே வெள்ளிச் சாம்பல் என்பதால், வளர வளரப் பொன்னிறமாகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நியூகினித் தீவின் கேம்பெல்லியும் கழிமுகங்களுக்குப் பழகியது. சுமத்திராவிலும் போர்னியோவிலும் உள்ள மைக்ரோலெப்பிஸ்தான் இந்தோ டைகர். மீகாங் ஆற்றின் மெல்லிய பட்டைகொண்ட இனத்திற்கு 1994இலும், சயாமிய டைகருக்கு 1998இலுமே தனிப்பெயர் இடப்பட்டது. அதற்கு முன் சயாமிய மீனையும் மைக்ரோலெப்பிஸ் என்றே அழைத்து வந்தனர். இனம் மாறினால் நீர் மாறும், பட்டையின் அகலம் மாறும், அடிநிறம் மாறும். உவர்நீர் மீனை நன்னீரில் வைத்துவிட்டு ஸ்டேபிள் இல்லை என்று முறையிட்டால், குறை மீனுடையதன்று.

நீங்கள் மிகுதியாக விரும்பும் அகன்ற பட்டையும் ஆழ்ந்த மஞ்சளும் கொண்ட சயாமிய டைகர்தான் இன்று ஆற்றில் அழிவின் விளிம்பில் நிற்கிறது. புல்ச்சர் என்னும் அறிவியற்பெயர் கொண்ட இவ்வினத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மிக ஆபத்தான நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் வைத்துள்ளது. பாங்காக் வழியே ஓடும் சாவோ பிரயா ஆற்றிலிருந்து அது மறைந்துபோனதாகவே ஆய்வாளர்கள் கருதுகின்றனர். உணவுக்காகப் பிடித்தது, அணை, வாழிட அழிவு ஆகியவற்றோடு அலங்கார மீன் வணிகத்துக்காகப் பிடித்ததும் இதற்குக் காரணம். இவ்வகை மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பொரித்தவை அல்ல, ஆற்றில் பிடித்தவை. இரண்டு மாதத்தில் சலித்துப்போய் மாற்றிக்கொள்ளலாம் என்று எடுக்கும் மீனுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

இனி வீட்டுப் பக்கம் வருவோம். முழு வளர்ச்சியில் மைக்ரோலெப்பிஸும் புல்ச்சரும் 40 சென்டிமீட்டரைத் தொடும். பத்தாண்டுக்கு மேலும் வாழும். அது திரும்பி நீந்த ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள தொட்டி வேண்டும். இரண்டரை அடி உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 1,060 லிட்டர், அதாவது ஒரு டன்னுக்கு மேல். வீட்டு அறைகளின் தளம் தாங்க வேண்டிய பயன்பாட்டுச் சுமையாக இந்தியக் கட்டுமானத் தரநிலை குறிப்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ; இந்தத் தொட்டியின் நீர் மட்டுமே தான் நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 760 கிலோ அழுத்தும். சைதாப்பேட்டையின் குறுகிய தெருக்களில் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் நீங்கள், பொறியாளரைக் கேட்காமல் இதில் இறங்குவது மீனுக்கும் கீழ்வீட்டாருக்கும் நல்லதன்று. இடம் இல்லையென்றால் டைகர் மீன் வேண்டாம் என்று முடிவெடுப்பதில் குறைவொன்றும் இல்லை.

நீரும் நிறத்தைக் கெடுக்கும். மெட்ரோ குழாய்நீர், லாரித் தண்ணீர், ஆழ்துளைக் கிணற்று நீர் என்று வாரத்துக்கொன்றாக மாறும் நம் வீடுகளில், நீரின் உப்பும் கடினத்தன்மையும் மாறிக்கொண்டே இருக்கின்றன. குழாய்நீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரினும் உண்டு, அதைக் கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் தயோசல்ஃபேட் நீக்கும். புதிதாக வைத்த தொட்டியில், மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றியழிக்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் விடப்படும் மீன் நச்சில் மிதந்தபடி கறுக்கும். கத்திரி வெயிலில் நீரின் வெப்பம் ஏற ஏறக் கரைந்த ஆக்சிஜன் குறைகிறது. 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரையக்கூடியது 30 டிகிரியில் 7.6 மட்டுமே. மின்சாரம் நின்றால் தொட்டியின் காற்றோட்டமும் நின்றுவிடும்; 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரைப் பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மின்கலத்தில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றுகூட இல்லாமல் ஆயிரக்கணக்கில் கொடுத்து மீன் வாங்குவது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரியவில்லை. வளர்க்க முடியாமற்போன மீனை அடையாற்றில் விடலாம் என்ற எண்ணமும் கூடாது. 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் என்னும் வெளிநாட்டு மீன்கள் வலையில் சிக்கிய செய்தி போதிய எச்சரிக்கை.

இவற்றையெல்லாம் சொல்லிவந்தது ஒரே ஒரு வேண்டுகோளுக்காக. கொளத்தூருக்குப் போனாலும், பல்லாவரம் வெள்ளிச் சந்தைக்குப் போனாலும், வீட்டுப் பக்கத்துக் கடைக்கே போனாலும், டைகர் மீனை அன்றே உறையில் வாங்கி வராதீர்கள். வண்ண விளக்கை அணைத்து வெள்ளை விளக்கில் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம் தொட்டி முன் நில்லுங்கள். செவுள்கள் இரண்டும் சீராக அசைகின்றனவா, துடுப்புகள் விரிந்திருக்கின்றனவா, கண் தெளிவாக உள்ளதா, முதுகின் சதை வற்றாமல் வயிறு ஒட்டாமல் இருக்கிறதா, ஆள் நெருங்கினால் கண்ணால் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். உயிர் இரையை மட்டுமே தின்னும் மீனா, செத்த இறாலையும் எடுக்கிறதா என்று போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சற்றுக் கறுத்திருந்தாலும் முன்வந்து தின்னும் மீனையே, பொன்போல் மின்னியும் தீனியைத் திரும்பிப் பார்க்காத மீனைவிட மேலாகக் கருதுங்கள். முன்னதன் நிறம் வீட்டில் திரும்பும், பின்னதன் உயிரே ஐயத்துக்குரியது.

தேர்ந்த பிறகு முன்பணம் கொடுத்து, அதே மீனைக் கடையிலேயே இரண்டு வாரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்தோ வேறு நகரிலிருந்தோ வந்த களைப்பு அதற்குள் தணியும். வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி நம் ஊர் வெப்பத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு சுற்று வாழ்க்கையை முடித்துவிடுவதால், நோயிருந்தால் அதற்குள் வெளிப்பட்டுவிடும். உங்கள் தொட்டியின் வடிகட்டி பழகவும் மேலும் இரண்டு வாரம் கிடைக்கும். வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் மீன் கறுத்தே இருந்தாலும் கடைக்குத் திருப்பாதீர்கள். முதலில் நீரையும் தரையின் நிறத்தையும் துணைமீனையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். நீங்கள் பத்துப் பேர் இவ்வாறு கேட்கத் தொடங்கினால் கடைக்காரர்களும் இரண்டு வாரம் தங்கவைத்துத் தீனி பழக்கிய மீன் என்று விற்கத் தொடங்குவார்கள். அந்த இரண்டு வாரத் தீவனச் செலவும் தொட்டி வாடகையும் என்று கடைக்காரர் கூடுதலாகக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.